1,38,000 கிலோமீட்டர் ஓடிய 520டி: ஏன் அதையே எடுத்தேன்

ஒரே வருடம், ஒரே மாடல், ஒரே இன்ஜின். இரண்டும் 2014 தொடக்கத்தில் தயாரான பி.எம்.டபிள்யூ 520டி, எஃப்10 தலைமுறை. ஒன்று 41,000 கிலோமீட்டர் ஓடியது, இன்னொன்று 1,38,000. முதல் வண்டிக்குக் கேட்ட விலையை நூறு என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது அறுபத்து நாலு. நான் எடுத்தது இரண்டாவதை. வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "மூணு மடங்கு ஓடின வண்டியப் போயா?" என்று மச்சான் கேட்டதை இன்னும் விடவில்லை. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வண்டியைப் பற்றிய என் கருத்தும் கூடவே வரும்.

முதலில் 41,000 ஓடிய வண்டி. பழைய கார் விற்கும் ஒரு பெரிய கடையில் நின்றிருந்தது. பெயின்ட் கண்ணாடி மாதிரி, உள்ளே தோல் சீட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை, ஸ்டியரிங் தோல் பளபளப்பு ஏறாமல் மங்கலாகவே இருந்தது. அதுதான் நல்லது, கை பட்டுப் பட்டுத் தேய்ந்த ஸ்டியரிங்தான் மினுங்கும். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நாலு எண்ணைப் பார்த்தேன்: 1214. அதாவது 2014-ஆம் வருடம் பன்னிரண்டாவது வாரம். நாலு டயரிலும் கிட்டத்தட்ட அதே எண். காரோடு வந்த டயர், பட்டன் தேய்ந்து கடைசிக் கோட்டுக்கு வந்திருந்தது. ஆக ஓடோமீட்டர் பொய் சொல்லவில்லை. 41,000 உண்மையான 41,000-தான். மீட்டரைத் திருப்பி விற்கிறவர்களைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள், சரிதான். ஆனால் மீட்டர் உண்மையாக இருந்தும் அந்த எண் நம்மைத் தப்பான பக்கம் கொண்டுபோகலாம் என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒன்பது வயது வண்டி, 41,000 கிலோமீட்டர். வருடத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம். நாளுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். போக ஆறு, வர ஆறு. ஒரு டீசல் இன்ஜினுக்கு இதைவிட மோசமான வாழ்க்கை கிடையாது. இன்ஜின் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். புகைபோக்கியில் இருக்கும் டீசல் வடிகட்டி, டி.பி.எஃப் என்பார்களே, அது தன்னில் சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும்; சீரான வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். ஆறு கிலோமீட்டரில் அது நடக்காது. பாதியில் நின்றுபோன ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் கொஞ்சம் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும்.

அப்புறம், வண்டியின் திரையில் சராசரி வேகம் பார்த்தேன். மணிக்கு 17 கிலோமீட்டர். மற்ற வண்டியில் 46. இந்தக் கணக்கு கடைசியாக ரீசெட் செய்த நாளிலிருந்துதான் ஓடும், முழு ஆயுளுக்கும் பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வண்டி எப்படி வாழ்ந்தது என்று ஒரு தோராயம் கிடைக்கிறது. 41,000-ஐ 17-ஆல் வகுத்தால் சுமார் 2,400 மணி நேரம். 1,38,000-ஐ 46-ஆல் வகுத்தால் 3,000 மணி நேரம். ஓட்டத்தில் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். இன்ஜின் சுழன்ற நேரத்தில் கால்வாசிதான் கூடுதல். அந்தக் கால்வாசிக்காக அறுபத்து நாலுக்கு மேல் முப்பத்தாறு அதிகம் கொடுக்கச் சொல்கிறார்கள். மச்சான் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தார்.

பானெட்டில் கை வைத்தபோது சூடாக இருந்தது. நான் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டார்கள். இந்த இன்ஜின் என்47 வகை. இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் இதில் முன்பக்கம் இல்லாமல் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினில் தளர்ச்சி இருந்தால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் தடவை எழுப்பும்போதுதான் அந்தக் கடகட சத்தம் தெளிவாகக் கேட்கும். சூடான இன்ஜினில் அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. "நாளைக்கு வரேன், யாரும் தொடாம வைங்க" என்றேன். "தாராளமா வாங்க சார்" என்றார் கடைப் பையன்.

மறுநாள் போனபோது இன்ஜின் குளிர்ந்திருந்தது, செயின் சத்தமும் இல்லை. நல்ல விஷயம். கையோடு கொண்டுபோயிருந்த ஓபிடி ஸ்கேனரைச் செருகினேன். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் உள்ளங்கை அளவுக் கருவி, போனோடு ப்ளூடூத்தில் பேசும். எந்தக் கோளாறுக் குறியீடும் காட்டவில்லை. பழைய கார் பார்க்கப் போகும் பலர் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். அதே செயலியில் இன்னும் இரண்டு வரி கீழே போனால் வேறொரு எண் இருக்கும்: குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம். அதில் 9 கிலோமீட்டர் என்று இருந்தது. யாரோ சில நாளைக்குள்தான் எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள். துடைத்ததில் என்ன இருந்தது என்று கேட்டேன். "சர்வீஸ்ல வழக்கமா அழிப்பாங்க சார்" என்று பதில். இருக்கலாம். அந்த சர்வீஸின் பில் மட்டும் கிடைக்கவில்லை.

கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியிருக்கிறார்களா என்றும் கேட்டேன். அது ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாத ஆயில் என்றார்கள். கார் கம்பெனி அப்படித்தான் சொல்கிறது. அந்த எட்டு கியர் பெட்டியைச் செய்து கொடுக்கும் இசட்.எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள், மாற்றச் சொல்கிறது. எது முதலில் வருகிறதோ அது. நாற்பதாயிரம் ஓடிய வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் இன்னும் காலம் இருக்கிறது, வயதுக் கணக்கில் தாண்டியாகிவிட்டது. ஆயில் மட்டும் மாற்றி முடிக்கவும் முடியாது. இந்தப் பெட்டியில் ஃபில்டர் அடித்தட்டோடு ஒன்றாக வார்த்த பிளாஸ்டிக். தட்டையே முழுசாக மாற்ற வேண்டும், கூடவே போல்ட்டும் சீலும்.

இனி நான் எடுத்த வண்டி. ஒரே உரிமையாளர், தினமும் ஊர் விட்டு ஊர் போய் வேலை பார்த்தவர். காரைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு தடிமனான ஃபைலைத்தான் மேஜையில் வைத்தார். ஒவ்வொரு பில்லிலும் தேதி, கிலோமீட்டர். 11,000, 22,500, 34,000 என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. நடுவில் ஒரு எண்ணும் பின்னால் இறங்கவில்லை. வண்டியின் கம்ப்யூட்டர் ஆயில் மாற்ற இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லும்போதே இவர் மாற்றியிருக்கிறார். 94,000-இல் கியர்பாக்ஸ் ஆயிலும் அந்தப் பிளாஸ்டிக் தட்டும். 1,10,000-இல் முன் பிரேக் டிஸ்க். பேட்டரி மாற்றிய பில்லில், புது பேட்டரியை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ததற்குத் தனி வரி இருந்தது. இந்தக் காரில் பேட்டரியை மாற்றிவிட்டுச் சும்மா விட்டால் வண்டி பழைய பேட்டரி என்றே நினைத்து அதற்கேற்ப சார்ஜ் செய்யும். புதுசு சீக்கிரம் போய்விடும். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் இவர் வேலை தெரிந்த இடத்தில்தான் விட்டிருக்கிறார் என்று புரிந்தது.

சாவி இரண்டும் கொடுத்தார். பி.எம்.டபிள்யூ சாவிக்குள் சேசிஸ் எண்ணும், அந்தச் சாவியை வைத்துக் கடைசியாக ஓட்டியபோது இருந்த கிலோமீட்டரும் பதிவாகும். சர்வீஸ் சென்டரில் சாவியைப் படிக்கும் கருவி இருக்கிறது. டிராயரில் சும்மா கிடந்த இரண்டாவது சாவியைப் படிக்கச் சொல்லுங்கள். மீட்டரைத் திருப்புகிறவர்கள் அதை மறந்துவிட வாய்ப்பு உண்டு. இதில் 61,000 காட்டியது. அந்த வருடத்து பில்களோடு சரியாகப் பொருந்தியது.

கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொரு தாள் இருக்கிறது. 2018-இல் தென் கொரியாவில் வரிசையாக பி.எம்.டபிள்யூ கார்கள் தீப்பிடித்தன, பெரும்பாலும் 520டி. இன்ஜின் புகையில் கொஞ்சத்தைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர் கூலரிலிருந்து கசியும் குளிர்விப்பு திரவம் கரியோடு சேர்ந்து சூட்டில் பற்றிக்கொள்வதுதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. அங்கே மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல், உலகம் முழுக்கப் பல லட்சம் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்து அந்தப் பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள். இந்த வண்டியில் மாற்றிய பதிவு இருந்தது. கடையில் நின்ற வண்டிக்கு அது பற்றி யாருக்கும் தெரியவில்லை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள், கேட்காமல் வாங்காதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. முன் சக்கரத்தின் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் ரப்பர் இணைப்பு, தேய்ந்திருந்தது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம். ஏறி இறங்கும் பக்கத்து சீட் முட்டில் தோல் நைந்து நூல் தெரிந்தது. ஹெட்லைட் கண்ணாடிக்கு முன்னால் பானெட் விளிம்பு முழுக்கக் கல் தெறித்த புள்ளிகள். நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிக்கு அது இருந்தே தீரும். இல்லாவிட்டால்தான் பெயின்ட் அடித்தார்களா என்று கேட்க வேண்டும்.

விலையை ஒப்பிட நான் செய்தது இதுதான். கேட்கும் விலையோடு, முதல் வருடத்திலேயே செய்தாக வேண்டிய பாக்கி வேலைகளைக் கூட்டினேன். கடை வண்டிக்கு நாலு ரன்-ஃப்ளாட் டயர் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது), கியர்பாக்ஸ் ஆயிலும் தட்டும், ஒன்பது வருடப் பழைய பேட்டரி, பிரேக் ஆயில், இறுகிப்போன ரப்பர் ஹோஸ்கள், டி.பி.எஃப் நிலைமை எப்படி என்று திறந்து பார்க்கும் செலவு. எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் போட்டுக் கொடுத்த கணக்கில் அது பதின்மூன்று வந்தது. நூறு போய் நூற்றுப் பதின்மூன்று. மற்ற வண்டிக்கு புஷ் வேலையும் வீல் அலைன்மென்ட்டும் சேர்த்து மூன்று. அதோடு, இந்த ஓட்டத்தில் டர்போவோ இன்ஜெக்டரோ எப்போது வேண்டுமானாலும் கையை விரிக்கலாம் என்று பத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். அறுபத்து நாலு, எழுபத்தேழு ஆனது. அந்தப் பத்து செலவாகவே இல்லையென்றால் லாபம். முழுசும் செலவானாலும், ஏன், அதே அளவு இன்னொரு முறை செலவானாலும், கடை வண்டியின் விலையைத் தொடவில்லை.

ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வயதுதான் தெரியும். ஹோஸ், சீல், புஷ், டயர் எல்லாம் நின்ற இடத்திலேயே காய்ந்து விரியும். குறைந்த ஓட்டத்துக்கு அதிகப் பணம் கொடுத்துவிட்டு, இவற்றை மாற்ற மறுபடியும் கொடுக்க வேண்டும்.

ஓட்டத்தால் தேய்கிற சாமான்களும் உண்டு, அதை மறைக்கவில்லை. டர்போ, இன்ஜெக்டர், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், கதவுக் கீல், சீட். டி.பி.எஃப்-இல்கூட கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது. அது ஓட்டத்துக்கு ஏற்பச் சேர்ந்துகொண்டே போகும். வண்டி மூன்று நாலு வயதுக்குள் இருந்து, கம்பெனி வாரன்டியும் மிச்சம் இருந்தால் நானும் குறைந்த ஓட்டத்துக்குத்தான் பணம் கொடுப்பேன். பெட்ரோல் இன்ஜின் என்றால் டி.பி.எஃப் கவலை இல்லாததால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். திருப்பி விற்கும்போது இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியைக் கண்டால் வாங்குகிறவர் பின்வாங்குவார் என்பதும் உண்மை. ஆனால் சொகுசு செடான்கள் முதல் ஐந்து வருடத்திலேயே பாதி விலையை, சில சமயம் அதற்கும் மேலேயே, இழந்துவிடுகின்றன. அறுபத்து நாலில் வாங்கியது முப்பதுக்கு இறங்கினால் நஷ்டம் முப்பத்து நாலு. நூறில் வாங்கியது நாற்பத்தைந்துக்கு இறங்கினால் நஷ்டம் ஐம்பத்தைந்து. நல்ல விலைக்குப் போச்சு என்று பெருமைப்பட்டுக்கொள்வது இரண்டாவது ஆளாகத்தான் இருக்கும்.

ஓட்டிப் பார்த்த அனுபவம். 184 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர். எண்ணைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் அந்த எட்டு கியர் பெட்டி இருக்கிறதே, அதுதான் இந்தக் காரை இவ்வளவு நாள் கழித்தும் புதுசு போல வைத்திருக்கிறது. எப்போது கியர் மாறுகிறது என்று தெரிவதே இல்லை. குளிர்ந்த இன்ஜினில், நின்ற இடத்தில், டீசல் என்று வெளியே நிற்பவருக்கு நன்றாகவே கேட்கும். வேகம் எடுத்துவிட்டால் டயர் சத்தம் மட்டும்தான். நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பதினாறு, பதினேழு கொடுக்கிறது. நெரிசலில் பத்து, பதினொன்று. 70 லிட்டர் டேங்க். ஒரு தடவை நிரப்பினால் வெகு தூரம் மறந்துவிடலாம்.

பிடிக்காதவை: பின் சீட்டில் நடுவில் உட்காருகிறவரின் கால் வைக்க இடமே இல்லை, தரையில் அவ்வளவு பெரிய மேடு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,968 மில்லிமீட்டர் வீல்பேஸ் வைத்துக்கொண்டு இது அநியாயம். டிக்கி 520 லிட்டர், தாராளம். ஸ்டெப்னி கிடையாது, ரன்-ஃப்ளாட் டயரை நம்பித்தான் ஓட வேண்டும். அந்த டயர்கள் சின்னப் பள்ளத்தைக்கூட முதுகெலும்புக்குச் சொல்லிவிடும். அடுத்த முறை சாதாரண டயர் போட்டுவிட்டு, டிக்கியில் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் கருவியும் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

இந்தக் கணக்கை அப்படியே ஒரு படி மேலே, மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், ஆடி ஏ8 போன்ற வண்டிகளுக்குக் கொண்டுபோகாதீர்கள். 520டி செடானில் சாதாரண இரும்பு ஸ்பிரிங்தான். மேல் வகுப்பில் ஏர் சஸ்பென்ஷன் இருக்கும். அதன் காற்றுப் பைகளும் ரப்பர்தான், எட்டுப் பத்து வருடத்தில் கசிய ஆரம்பிக்கும். கசிந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் போகும். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் விலை பேசாமல் திரும்பிவிடலாம். வண்டியின் விலை கால்வாசிக்கு இறங்கியிருக்கும், உதிரிப் பாகத்தின் விலை புதுக் காருக்கு என்னவோ அதேதான். யானையை மலிவாக வாங்கலாம், தீனியை மலிவாக வாங்க முடியாது.

பெரிய எண்ணைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு இரண்டு வண்டிகள். 1996-இல் தயாரான ஒரு லெக்ஸஸ் எல்.எஸ் 400 பத்து லட்சம் மைலைத் தாண்டியிருக்கிறது. நம் கணக்கில் பதினாறு லட்சம் கிலோமீட்டர். கிரேக்கத்தில் ஒருவர் டாக்ஸியாக ஓட்டிய 1976 மெர்சிடிஸ் 240டி 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004-இல் அந்த நிறுவனத்தின் மியூசியத்துக்கே போய்ச் சேர்ந்தது. வழியில் இன்ஜினைப் பல முறை மாற்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் வண்டி இப்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. புஷ் மாற்றியதும் ஸ்டியரிங் நடுக்கம் போய்விட்டது. ஒதுக்கிய பத்தில் கைவைக்க வேண்டி வரவில்லை. எஃப்10 தேடுகிறவர்கள் 2010, 2011 தொடக்க வண்டிகளை மட்டும் செயின் மாற்றிய பில் இல்லாமல் எடுக்க வேண்டாம். என்47 செயின் புகார்கள் அதிகம் வந்தது அந்தக் காலத்து இன்ஜின்களில்தான். 2014 பிற்பாதிக்கு மேல் பி47 என்ற புது இன்ஜின் வருகிறது, 190 குதிரைத்திறன். அது கிடைத்து, ஃபைலும் கூடவே வந்தால், ஒன்றரை லட்சம் ஓடியிருந்தாலும் போய்ப் பாருங்கள். காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது.